அமெரிக்கக் கல்லூரிகளை நேரில் பார்க்கப் போகிறீர்களா? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் மகளுக்கும் மகனுக்குமாகச் சேர்த்துப் பதினேழு கல்லூரி வளாகங்களைச் சுற்றியிருக்கிறேன். முதல் ஐந்து பயணங்களில் வீட்டுக்குக் கொண்டுவந்தது பளபளப்பான கையேடுகளும் கால்வலியும்தான். எதைப் பார்ப்பது என்று தெரியாமல், காட்டியதையெல்லாம் பார்த்துவிட்டு வந்தோம். அப்புறம்தான் கொஞ்சம் பிடிபட்டது. இந்த நாட்டுக்கு வேலைக்கு வந்து குடியேறி, இங்கே இளநிலை படிக்காத என்னைப் போன்ற பெற்றோர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

இணையத்தில் எல்லாம் கிடைக்கிறதே, நேரில் போகத்தான் வேண்டுமா?

எண்களுக்காகப் போக வேண்டாம். சேர்ந்தவர்களில் எத்தனை பேர் படிப்பை முடிக்கிறார்கள், முடித்தவர்கள் என்ன சம்பாதிக்கிறார்கள் என்பதையெல்லாம் மத்தியக் கல்வித்துறையின் ‘காலேஜ் ஸ்கோர்கார்டு’ தளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். பல கல்லூரிகள் ‘காமன் டேட்டா செட்’ என்ற ஒரே மாதிரியான படிவத்தை ஆண்டுதோறும் நிரப்பி வெளியிடுகின்றன. அதன் ‘ஐ’ பிரிவில், பத்துப் பேருக்கும் குறைவான வகுப்புகள் எத்தனை, நூறு பேருக்கு மேற்பட்டவை எத்தனை என்று அட்டவணையே இருக்கும். உங்கள் வருமானத்துக்கு ஏறக்குறைய எவ்வளவு கட்ட வேண்டிவரும் என்று சொல்லும் ‘நெட் பிரைஸ் கால்குலேட்டர்’ 2011 முதல் சட்டப்படி கல்லூரித் தளங்களில் இருக்கிறது. மத்திய அரசின் மாணவர் நிதியுதவித் திட்டங்களில் பங்குபெறும் கல்லூரிகளுக்கு இது கட்டாயம். இதைப் பார்க்காமல் கிளம்பிப்போய், கட்டவே முடியாத கல்லூரி ஒன்றில் பிள்ளை மனதைப் பறிகொடுத்துவிட்டால், அப்புறம் அந்த வீட்டில் ஆறு மாதம் சரியான பேச்சுவார்த்தை இருக்காது.

நேரில் மட்டுமே தெரியக்கூடியவை வேறு. விடுதியிலிருந்து ஆய்வுக்கூடம் எவ்வளவு தூரம், அந்த ஏற்றத்தில் பிப்ரவரிப் பனியில் நடக்க முடியுமா, வகுப்பு முடிந்து வெளியே வருகிறவர்கள் பேசிக்கொண்டே வருகிறார்களா, ஆளுக்கொரு பக்கம் காதில் எதையோ மாட்டிக்கொண்டு போகிறார்களா. இதெல்லாம் எந்தப் படிவத்திலும் வராது.

செலவு தாங்காது என்றால் போகாமலும் இருக்கலாம், குற்றமில்லை. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு விமானச்சீட்டும் தங்குமிடமும் கொடுத்து வரவழைக்கும் ‘ஃப்ளை-இன்’ திட்டங்கள் பல தனியார் கல்லூரிகளில் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய கோடையிலேயே பலவற்றுக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

நேரில் போனால் இடம் கிடைக்கும் வாய்ப்பு கூடுமா?

கல்லூரிக்குக் கல்லூரி மாறும். யூகிக்கத் தேவையில்லை, மேலே சொன்ன அதே படிவத்தில் ‘சி7’ என்ற அட்டவணையைப் பாருங்கள். அதில் ‘விண்ணப்பதாரரின் ஆர்வம்’ என்று ஒரு வரி இருக்கும். மிக முக்கியம், முக்கியம், கருத்தில் கொள்வோம், கருத்தில் கொள்வதில்லை என்ற நான்கில் ஒன்றைக் கல்லூரியே குறித்திருக்கும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்ஐடியும் கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. கணக்கில் எடுக்கும் இடங்களில், சும்மா வாசல் வழியாகப் போய்ச் சுற்றிவிட்டு வந்தால் பலனில்லை. சேர்க்கை அலுவலகத் தளத்தில் பிள்ளையின் பெயரிலும் மின்னஞ்சலிலும் பதிவுசெய்து, போனதும் வருகையைக் குறித்துவிட்டு வாருங்கள். அப்பாவின் மின்னஞ்சலில் பதிவுசெய்தால் அப்பாவுக்குத்தான் ஆர்வம் என்று பதிவாகும். அதுவும் உண்மைதான், ஆனால் உதவாது.

எப்போது போவது நல்லது?

வகுப்பு நடக்கும்போது, வார நாளில். பதினொன்றாம் வகுப்பின் இளவேனில் விடுமுறை பெரும்பாலோருக்குத் தோதாக இருக்கும். கோடையில் போனால் புல்தரையும் கட்டடங்களும் அழகாக இருக்கும், ஆள்தான் இருக்காது. கல்யாணம் முடிந்த மறுநாள் மண்டபத்தைப் பார்க்கப் போன மாதிரி.

ஒரு சின்ன உபாயம். செமஸ்டர் முறைக் கல்லூரிகளில் மே நடுவிலேயே பாடம் முடிந்துவிடும். ஆண்டைக் குறுகிய பருவங்களாகப் பிரிக்கும் குவார்ட்டர் முறையில் நடக்கும் யுசிஎல்ஏ (கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகம்), ஸ்டான்ஃபோர்டு போன்றவை செப்டம்பர் கடைசியில் தொடங்கி ஜூன் வரை ஓடும். ஆகவே உங்கள் பிள்ளைக்குப் பள்ளி மே மாதமே முடிந்துவிட்டாலும் அங்கே மாணவர்கள் இருப்பார்கள். அதே கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்தானே என்று நினைத்து ஜூன் தொடக்கத்தில் பெர்க்லிக்குப் போகாதீர்கள், அது செமஸ்டர்.

பிப்ரவரி மூன்றாம் திங்களும் அக்டோபர் இரண்டாம் திங்களும் பல பள்ளிகளுக்கு விடுமுறை, ஆனால் பல கல்லூரிகளில் வகுப்பு உண்டு. கல்லூரி நாட்காட்டியில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். தேர்வு வாரம் வேண்டாம். அப்போது எல்லா வளாகமும் சோகமாகத்தான் இருக்கும்.

‘எர்லி டிசிஷன்’ முறையில் விண்ணப்பிக்க நினைத்தால் கெடு பெரும்பாலும் நவம்பர் 1 அல்லது 15. இடம் கொடுத்தால் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற ஒப்பந்தம் அது. பார்க்காத ஊருக்கு அப்படிக் கையெழுத்துப் போடுவதை நான் ஏற்கமாட்டேன்.

ஒரு நாளைக்கு எத்தனை கல்லூரி?

இரண்டுக்கு மேல் வேண்டாம். அறிமுகக் கூட்டம் ஒரு மணி நேரம், டூர் ஒன்றரை மணி நேரம் வரை, இதிலேயே அரைநாள் போய்விடும். பாஸ்டன் பக்கம் போனால் ஆசை அடங்காது. எம்ஐடி இருக்கும் கெண்டல் நிலையத்திலிருந்து ஹார்வர்டு சிவப்பு ரயில் தடத்தில் இரண்டாவது நிறுத்தம். பாஸ்டன் யுனிவர்சிட்டியும் பாஸ்டன் காலேஜும் பச்சைத் தடத்தின் ஒரே கிளையில். இப்படிக் கொத்தாக இருக்கும் இடங்களைத் தேர்ந்தெடுத்தால் பயணச் செலவு குறையும், ஆனால் நாட்களைக் குறைக்காதீர்கள். வட கரோலினாவில் டியூக், சாப்பல் ஹில், என்சி ஸ்டேட் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் ஒன்றுக்கொன்று ஒரு மணி நேரத்துக்குள். லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிழக்கே கிளேர்மான்ட்டில் ஐந்து இளநிலைக் கல்லூரிகள் அடுத்தடுத்து இருக்கின்றன, நடந்தே போகலாம். அவற்றில் ஒன்றான பொமோனா கல்லூரி பொமோனா ஊரில் இல்லை, கிளேர்மான்ட்டில்தான் இருக்கிறது. ஜிபிஎஸ்ஸில் ஊர்ப் பெயரை மட்டும் போட்டுவிடாதீர்கள்.

முடிந்தால் ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகம், ‘லிபரல் ஆர்ட்ஸ்’ எனப்படும் ஒரு சிறிய கலை-அறிவியல் கல்லூரி, ஒரு நகரத்து வளாகம் என்று மூன்று வகையையும் வீட்டுக்கு அருகிலேயே முதலில் பார்த்துவிடுங்கள். சேராத கல்லூரியாக இருந்தாலும் பரவாயில்லை. நாற்பதாயிரம் பேர் நடமாடும் இடம் உங்கள் பிள்ளைக்கு மூச்சு முட்டுகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

டூரில் எதைக் கவனிப்பது?

சுற்றிக் காட்டுகிறவர் பொதுவாக ஒரு மாணவர். பின்னோக்கி நடந்துகொண்டே பேசுவார், நன்றாகப் பழகுவார், அதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டவர். அவர் சொல்வது பொய் இல்லை. ஆனால் அந்தக் கல்லூரியை நேசிக்கிற ஒருவர் வாயிலிருந்து வருவது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லா டூர்களிலும் வரும் சில காட்சிகள் உண்டு. மிதித்தால் பட்டம் கிடைக்காது என்று சொல்லப்படும் ஒரு கல், தேர்வுக்கு முன் தொட வேண்டிய ஒரு சிலை, நீல விளக்குடன் ஓர் அவசரத் தொலைபேசி, புதிதாகக் கட்டிய உடற்பயிற்சிக்கூடம். இவற்றை வைத்து ஒன்றையும் முடிவுசெய்ய முடியாது. மாதிரிக்குக் காட்டும் விடுதி அறையும் அப்படித்தான். ‘முதலாண்டு மாணவர்களில் எத்தனை பேருக்கு இப்படி அறை கிடைக்கும்? இரண்டாம் ஆண்டில் வளாகத்துக்குள் இடம் உறுதியா?’ என்று கேளுங்கள். முதலாண்டுக்கு மட்டும் உறுதி தந்துவிட்டு, அப்புறம் வெளியே வாடகைக்குப் பார்த்துக்கொள் என்று விட்டுவிடும் கல்லூரிகள் பல. அந்த ஊர் வாடகை, நீங்கள் போட்ட நான்காண்டுக் கணக்கையே மாற்றிவிடும்.

கேள்வியைக் கல்லூரியைப் பற்றிக் கேட்காமல் அவரைப் பற்றிக் கேட்டால் பதில் நன்றாக வரும். ‘பேராசிரியர்கள் உதவுவார்களா?’ என்றால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். ‘கடைசியாக எப்போது ஒரு பேராசிரியரை அவர் அறையில் போய்ப் பார்த்தீர்கள், எதற்காக?’ என்று கேட்டால் ஒரு கதை வரும், அல்லது வராது. ‘நேற்று மாலை என்ன செய்தீர்கள்?’, ‘உங்களோடு சேர்ந்தவர்களில் யாராவது விட்டுப் போனார்களா, ஏன்?’ என்ற இரண்டும் எனக்கு எப்போதும் கைகொடுத்தன.

டூர் முடிந்ததும் கிளம்பிவிடலாமா?

கிளம்பாதீர்கள். என்னைக் கேட்டால் பயணமே அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. காட்டியது முடிந்துவிட்டது, இனி காட்டாததைப் பார்க்கலாம்.

பிள்ளை படிக்க விரும்பும் துறை எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று கேட்டு அங்கே போங்கள். டூர் பெரும்பாலும் அங்கே போகாது. நடைகூடத்துச் சுவர்களில் என்ன ஒட்டியிருக்கிறது? இளநிலை மாணவர்களின் ஆய்வுச் சுவரொட்டிகளா, முதுநிலைக்காரர்களுடையது மட்டுமா? பேராசிரியர்களின் கதவுகளில் சந்திப்பு நேரம் எழுதியிருக்கிறதா, கதவு திறந்திருக்கிறதா? அறிவிப்புப் பலகையில் போன செமஸ்டர் தாள்கள் வெளிறித் தொங்குகின்றனவா? மகளுக்கு உயிரியல் என்பதால் ஒரு கல்லூரியில் அந்தத் துறைக்குப் போனோம். பளிங்கு முகப்பு வைத்த வளாகத்தில் அந்த ஆய்வுக்கூடம் மட்டும் நிலவறையில் இருந்தது. ஆனால் உள்ளே ஐந்தாறு மாணவிகள் ஏதோ ஒரு மீன்தொட்டியைச் சுற்றி நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். என்ன என்று விசாரித்தால், யார் சனிக்கிழமை வந்து மீனுக்குத் தீனி போடுவது என்பதுதான் வழக்கு. மகள் முக்கால் மணி நேரம் அங்கிருந்து நகரவில்லை. அந்த மூன்று மாடி நூலகமும் அதன் வண்ணக் கண்ணாடியும் அவளுக்கு நினைவிலேயே இல்லை.

அப்புறம் டைனிங் ஹாலில் சாப்பிடுங்கள். தனியாகச் சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர், மேஜைகளில் எல்லா நிறத்தவரும் கலந்திருக்கிறார்களா, தனித்தனித் தீவுகளா என்று பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. சேர்க்கை அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டால் சில இடங்களில் வகுப்பில் உட்காரவும் விடுவார்கள். கடைசி வரிசையில் உட்காருங்கள். எத்தனை திரையில் பாடம் ஓடுகிறது, எத்தனையில் செருப்பு விற்பனை ஓடுகிறது என்பது அங்கிருந்துதான் தெரியும்.

வெள்ளி மாலை வரை இருக்க முடிந்தால் வண்டி நிறுத்துமிடத்தைப் பாருங்கள். மூன்று மணிக்கே காலியாகிவிட்டால் அங்கே படிப்பவர்கள் வார இறுதியில் வீட்டுக்குப் போகிறவர்கள் என்று அர்த்தம். வெகுதூரத்திலிருந்து வந்த பிள்ளைக்கு அந்தச் சனி, ஞாயிறு நீளமாக இருக்கும்.

கேள்விகளை யார் கேட்பது, நாங்களா பிள்ளையா?

பணம், காப்பீடு, விசா பற்றி நீங்கள் கேளுங்கள். மற்றதெல்லாம் பிள்ளை. இரண்டாவது பயணத்தில் நான் முன்வரிசையில் நின்று ஒன்பது கேள்வி கேட்டேன். பத்தாவதுக்குக் கையைத் தூக்கியபோது மகள் காணாமல் போயிருந்தாள். தேடிப்பார்த்தால் பின்னால் வேறொரு குடும்பத்தோடு அவர்கள் வீட்டுப் பெண் போல நடந்துகொண்டிருக்கிறாள். அன்றிலிருந்து ஓர் ஒப்பந்தம்: இரண்டு டூர் ஒரே நேரத்தில் கிளம்பினால் நான் ஒன்றில், அவள் மற்றதில். இரண்டு வழிகாட்டிகள் ஒரே கேள்விக்கு இரண்டு பதில் சொன்னதைச் சாப்பிடும்போது ஒப்பிட்டுப் பார்ப்பது தனி சுவாரசியம்.

இதில் சட்டமும் பிள்ளை பக்கம்தான். 1974இல் வந்த ஃபெர்ப்பா சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்ததும் கல்விப் பதிவுகள் மீதான உரிமை பெற்றோரிடமிருந்து மாணவருக்குப் போய்விடுகிறது. கட்டணம் கட்டுவது நீங்களாக இருந்தாலும், அவர் சம்மதம் இல்லாமல் மதிப்பெண்ணை உங்களுக்குக் காட்ட வேண்டிய கட்டாயம் கல்லூரிக்கு இல்லை. பேசிப் பழகட்டும்.

மகனுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும். அங்கே என்ன கேட்க வேண்டும்?

நம் வீடுகளில் பாதிக்கு இதுதான் கேள்வி. ‘சேர்ந்த பிறகு மேஜர் (முதன்மைப் பாடம்) மாறலாமா?’ என்று கேட்டால் ‘தாராளமாக’ என்பார்கள். ‘வேறு மேஜரில் சேர்ந்தவர் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மாற முடியுமா, என்ன நிபந்தனை?’ என்று குறிப்பாகக் கேளுங்கள். இலினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா-ஷாம்பெய்ன் வளாகத்திலும் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலும் அந்தத் துறைக்கே நேரடியாக விண்ணப்பித்து இடம் வாங்க வேண்டும். வேறு வழியாக உள்ளே நுழைந்து மாறுவது மிகக் கடினம். எம்ஐடியில் முதலாண்டு முடியும்போது விரும்பிய மேஜரை எடுத்துக்கொள்ளலாம். பர்டூ பல்கலைக்கழகத்தில் பொறியியலுக்கு வருபவர்கள் முதலாண்டைப் பொதுவாகப் படித்துவிட்டுத்தான் பிரிவுக்குப் போகிறார்கள். ‘முதலில் ஏதோ ஒன்றில் சேர்ந்துவிடு, அப்புறம் மாறிக்கொள்ளலாம்’ என்ற நம் ஊர்க்கார அறிவுரை பல இடங்களில் செல்லுபடியாகாது.

அப்படியே, வேண்டிய பாடங்கள் அந்தந்தச் செமஸ்டரில் கிடைத்தனவா என்று மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் கேளுங்கள். முதலாண்டுக்காரருக்கு இன்னும் அந்த அடி விழுந்திருக்காது.

பாதுகாப்பு எப்படி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நீல விளக்குகளை எண்ணாதீர்கள். லீஹை பல்கலைக்கழக விடுதியில் 1986இல் கொல்லப்பட்ட ஜீன் கிளரி என்ற மாணவியின் பெற்றோர் போராடியதன் விளைவாக 1990இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி கல்லூரிகள் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 1க்குள், முந்தைய மூன்று ஆண்டுகளில் வளாகத்திலும் அதை ஒட்டிய பொது இடங்களிலும் நடந்த குற்றங்களின் எண்ணிக்கையை வெளியிட வேண்டும். கல்லூரிப் பெயரோடு ‘கிளரி அறிக்கை’ என்று தேடினால் கிடைக்கும். எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படவும் கூடாது, நிம்மதியடையவும் கூடாது. துணிந்து புகார் கொடுக்க முடிகிற இடத்தில் எண் கூடுதலாகவே இருக்கும். இரண்டு தெரு தள்ளி நடப்பது அதில் வராது. இருட்டிய பிறகு நூலகத்திலிருந்து விடுதிக்கு நீங்களே ஒருமுறை நடந்து பாருங்கள், மகளிடமும் எப்படி இருந்தது என்று கேளுங்கள்.

நாங்கள் இன்னும் எச்-4 விசாவில் இருக்கிறோம். அதைப் பற்றிக் கேட்கலாமா?

கட்டாயம் கேளுங்கள், கூச்சமே வேண்டாம். வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்குக் கொடுக்கும் எச்-4இல் இருக்கும் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் நிதியுதவி கிடையாது. கல்லூரி தன் சொந்த நிதியிலிருந்து கொடுக்குமா, நிதியுதவிக்கு உங்களை வெளிநாட்டு மாணவராகக் கருதுமா என்பது ஒவ்வோர் இடத்திலும் ஒரு விதம். அந்த மாநிலத்தவருக்கான குறைந்த கட்டணம் (உள்மாநிலக் கட்டணம்) கிடைக்குமா என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். இருபத்தொரு வயது நிறைந்தால் எச்-4 முடிந்துவிடும், பலர் மாணவர் விசாவான எஃப்-1க்கு மாறுவார்கள். அப்படி மாறும்போது கட்டண வகை மாறுமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். எச்-4இல் இருக்கும் பிள்ளை வளாகத்தில் பகுதிநேர வேலைகூடச் செய்ய முடியாது. எஃப்-1 என்றால் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை வளாகத்துக்குள் செய்யலாம். டூர் நடத்தும் மாணவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. சேர்க்கை அலுவலகத்திலும் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திலும் கேட்டு, மின்னஞ்சலில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும். தினமும் சாப்பிடும்படி இருக்கிறதா என்பதுதான் விஷயம். மதியம் பாருங்கள், சீஸ் பீட்ஸாவையும் சாலட்டையும் கழித்துவிட்டு என்ன மிஞ்சுகிறது என்று எண்ணுங்கள். இரவு எத்தனை மணிக்கு மூடுகிறார்கள் என்பதையும் கேளுங்கள்.

எல்லாம் குழம்பிவிடுகிறதே, குறிப்பு எடுப்பது எப்படி?

நான்காவது கல்லூரியில் எல்லாருக்கும் குழம்பும். வண்டியில் ஏறியதும் பிள்ளை மூன்று வரி பேசி ஃபோனில் பதிவுசெய்யட்டும். நீங்கள் வாயைத் திறப்பதற்கு முன்னால். புகைப்படத்தில் முதல் படம் கல்லூரியின் பெயர்ப்பலகையாக இருக்கட்டும், இல்லாவிட்டால் செங்கல் கட்டடங்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்.

பையன் வண்டியைவிட்டு இறங்கவே மாட்டேன் என்கிறான்!

என் மகனும் ஓர் இடத்தில் அப்படித்தான் செய்தான். இருநூறு மைல் ஓட்டிக்கொண்டு போயிருந்தேன், கோபம் வந்தது. பத்து நிமிடம் கழித்து, மழையில் எல்லோரும் ஒரே மாதிரி சட்டை போட்டுக்கொண்டு நடப்பது பிடிக்கவில்லை என்றான். இதெல்லாம் ஒரு காரணமா என்று எனக்கு இன்றும் தோன்றுகிறது. இருந்தாலும் திருப்பிவிட்டேன். ஆனால் வானிலைக்காகவோ, ஒரு சலிப்பான வழிகாட்டிக்காகவோ ஒரு நல்ல கல்லூரியைப் பட்டியலிலிருந்தே எடுக்க விடாதீர்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள்.

ஏப்ரலில் இரண்டு மூன்று இடங்களில் கிடைத்துவிட்டது. மறுபடியும் போக வேண்டுமா?

ஒருமுறைதான் போக முடியும் என்றால் அப்போது போங்கள். இடம் கிடைத்தவர்களுக்கென்றே கல்லூரிகள் நாள் வைத்திருக்கின்றன. யேலில் ‘புல்டாக் டேஸ்’, ஹார்வர்டில் ‘விசிட்டாஸ்’, எம்ஐடியில் ‘கேம்பஸ் ப்ரிவியூ வீக்கெண்ட்’ என்று பெயர் மட்டும்தான் வேறு. இப்போது காற்று மாறி வீசும், கல்லூரிதான் உங்களைக் கவர வேண்டும். நிதியுதவிக் கடிதத்தைக் கையோடு எடுத்துப்போய் உரிய அலுவலகத்தில் உட்கார்ந்து பேசுங்கள்: இந்த உதவித்தொகை நான்கு ஆண்டும் தொடருமா, எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் நின்றுவிடும், ஆண்டுதோறும் கட்டணம் ஏறினால் தொகையும் ஏறுமா. பிள்ளை அந்த நேரத்தில் தன் வயதுக்காரர்களோடு இருக்கட்டும், நான்கு வருடம் சேர்ந்து இருக்கப்போவது அவர்கள்தான். பெரும்பாலான கல்லூரிகளுக்கு மே 1க்குள் முன்பணம் கட்டி உறுதிசெய்ய வேண்டும். கடைசி வாரத்துக்கு விமானச்சீட்டு போடாதீர்கள்.

போன இடத்தில் கல்லூரிப் பெயர் போட்ட சட்டை வாங்கலாமா?

மே 1 வரை வேண்டாம். எங்கள் வீட்டு அலமாரியில் யாரும் சேராத மூன்று கல்லூரிகளின் சட்டைகள் இருக்கின்றன. அதில் ஒன்று, விண்ணப்பத்தை நிராகரித்த கல்லூரியுடையது. மகன் அதைத் தொடமாட்டான். நல்ல துணி, புல் வெட்டும்போது நான் போட்டுக்கொள்கிறேன்.